எகிப்திய டாரட் கட்டைப் படிப்பது எப்படி: தலை, கை, நிறம், திசை

என்னிடம் இருக்கும் எகிப்திய டாரட் கட்டின் இரண்டாம் எண் சீட்டில், இரு தூண்களுக்கு நடுவே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். கட்டோடு வந்த குட்டிக் கையேடு அவளை எகிப்தியப் பெண் தெய்வமான ஐசிஸ் என்றது. ஏழெட்டு மாதம் நானும் அப்படியே படித்தேன்: தாய், மந்திரம் அறிந்தவள், செத்த கணவனை உயிர்ப்பித்தவள். ஒருநாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் தலைமேல் இருந்த குறி கண்ணில் பட்டது. ஐசிஸ் தலையில் இருக்க வேண்டியது அரியணை. இங்கே இருந்ததோ ஒரு வீட்டின் வரைபடம், அதன்மேல் ஒரு கூடை. அது நெப்திஸின் குறி. ஐசிஸின் தங்கை. உடன்பிறந்த ஒசிரிஸையே (ஐசிஸின் கணவன்) கொன்ற செத் என்ற தெய்வத்துக்கு வாழ்க்கைப்பட்டு, கொல்லப்பட்டவனுக்காக அக்காவோடு உட்கார்ந்து அழுதவள். ஓவியர் தெரிந்தே வரைந்தாரோ, கோயில் சுவரைப் பார்த்துப் படியெடுத்தாரோ, அன்றிலிருந்து எனக்கு அது வேறு சீட்டு.

கையேட்டை மூடி வைத்துவிட்டுப் படத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சீட்டு வருங்காலத்தைச் சொல்லுமா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. படம் பார்த்து யோசிக்க ஒரு கருவியாகத்தான் வைத்திருக்கிறேன். கிளி எடுத்துப் போடும் சீட்டிலும் நம் கண் முதலில் போவது படத்துக்குத்தானே?

எகிப்து இதற்குள் எப்படி வந்தது

இதைத் தெரிந்துகொள்ளாமல் சின்னங்களுக்குள் போனால் குழப்பம்தான் மிஞ்சும்.

டாரட் எகிப்தில் பிறக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலிய அரசவைகளில் ஆட்டம் ஆடுவதற்காக உருவான சீட்டுக்கட்டு அது. பெயர் கொண்ட 22 படச் சீட்டுகள் பெரியவை, நான்கு பிரிவாக வரும் 56 சீட்டுகள் சிறியவை. எகிப்துக் கதையைக் கிளப்பியது பாரிஸ். 1781இல் கூர் தெ ஜெபலின் என்பவர் தம் பெருந்தொகுப்பின் எட்டாம் தொகுதியில், இந்தச் சீட்டுகள் எகிப்தியப் பூசாரிகள் மறைத்துவைத்த, எழுத்துத் தெய்வம் தோத்தின் நூல் என்று எழுதினார். எகிப்திய மொழியில் ‘தார்’ என்றால் வழி, ‘ரோ’ என்றால் அரசன், ஆகவே டாரட் என்பது ‘அரச வழி’ என்று சொல்லையும் பிரித்துக் காட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டில் எகிப்திய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவர்கூட இல்லை. அதைப் படிக்க உதவிய ரொசெட்டா கல் கிடைத்ததே 1799இல். பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் எழுத்தின் பூட்டைத் திறந்தது 1822இல்.

ஆனாலும் கதை ஓடிவிட்டது. 1870இல் பால் கிறிஸ்டியான் என்ற புனைபெயரில் எழுதியவர், சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலையின் அடியில் நிலவறை இருப்பதாகவும், அங்கே 22 ஓவியங்களைக் காட்டித் தீட்சை கொடுத்ததாகவும் ஒரு காட்சியையே விவரித்தார். 1896இல் ராபர்ட் ஃபால்கோனியே அந்த வர்ணனையை ஒட்டி 22 சீட்டுகளை வெளியிட்டார். ஓவியம் மோரிஸ் ஓட்டோ வெகனர். இன்று கடைகளில் கிடைக்கும் பல எகிப்தியக் கட்டுகளின் பாட்டன் அதுதான்.

உண்மையான எகிப்துத் தொடர்பும் ஒன்று உண்டு. யாரும் அதை அட்டையில் போட்டு விற்பதில்லை. 1250 முதல் 1517 வரை கெய்ரோவிலிருந்து ஆண்ட மம்லூக்குகள் காலத்துச் சீட்டுக்கட்டு ஒன்று இஸ்தான்புல் டோப்கபி அரண்மனையில் இருக்கிறது. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு பிரிவுகள். ஐரோப்பியச் சீட்டுகளின் நான்கு பிரிவுகளும் இந்த வழியில் போனவை. போலோ தெரியாத ஐரோப்பாவில் மட்டை வெறும் கோலாக மாறிவிட்டது. ஆக, டாரட்டில் எகிப்திலிருந்தே வந்தது எது என்று கேட்டால், பிரமிடு வரைந்த பெரிய சீட்டுகளைக் காட்ட முடியாது. எல்லோரும் அலட்சியமாகப் புரட்டிப்போகும் மூன்று கிண்ணத்தையும் ஏழு வாளையும்தான் காட்ட வேண்டும்.

எனவே கையில் இருக்கும் ஒவ்வொரு சீட்டிலும் மூன்று குரல்கள் பேசுகின்றன: பழைய எகிப்து, 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா கற்பனை செய்த எகிப்து, இன்றைய ஓவியர். எந்தக் கோடு எந்தக் குரல் என்று பிரிக்கப் பழகுவதே இந்த வழிகாட்டியின் வேலை. இரண்டாவது குரலைப் பொய் என்று தள்ளவும் வேண்டாம். இருநூறு ஆண்டுகளாக மனிதர்கள் அதோடு பேசியிருக்கிறார்கள்.

படி 1: கட்டு எந்தக் குடும்பம் என்று பாருங்கள்

இரண்டு சீட்டுகளை உருவினால் போதும். ஒன்று, முட்டாள். மலை விளிம்பில் இளைஞன், காலடியில் நாய் என்றிருந்தால், 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெய்ட் கட்டுக்கு எகிப்திய உடை மாட்டியிருக்கிறார்கள். உடைந்து விழுந்த தூபியை நோக்கி ஒருவன் நடக்க, அங்கே முதலை வாயைப் பிளந்து காத்திருந்தால் அது பால் கிறிஸ்டியான் மரபு. அவர் அந்தச் சீட்டுக்கு வைத்த பெயரே ‘முதலை’.

இன்னொன்று, நீதி. 8ஆம் எண்ணாக இருந்தால் பழைய பிரெஞ்சு வரிசை. 11 என்றால் ரைடர்-வெய்ட் வரிசை. அந்தக் கட்டில் நீதியும் வலிமையும் இடம் மாறிக்கொண்டன. 20ஆம் சீட்டில் ‘தீர்ப்பு’ இல்லாமல் ‘யுகம்’ என்றிருந்து, மேலே வளைந்த நீல உடலோடு ஒரு பெண் இருந்தால், அலெய்ஸ்டர் குரோலி எழுத, ஃபிரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்த தோத் கட்டின் சாயல். அந்த வளைந்த பெண் வானத்துத் தெய்வம் நுத்.

குடும்பம் தெரிந்தால் எந்தப் புத்தகத்தின் பொருளோடு ஒப்பிடலாம் என்பது தெரிந்துவிடும். தெரியாமல் ஒப்பிட்டால் ஊர் மாறிய பேருந்தில் ஏறிய கதைதான்.

படி 2: முகத்தைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்

எகிப்திய ஓவியத்தில் முகம் பெரும்பாலும் எதையும் சொல்லாது. எல்லோருக்கும் ஒரே அமைதியான பக்கவாட்டு முகம். ஆளைச் சொல்வது தலையில் இருப்பது.

அரியணை இருந்தால் ஐசிஸ். அவள் பெயரை எழுதும் குறியே அதுதான். வீடும் கூடையும் நெப்திஸ். ஒற்றைத் தீக்கோழி இறகு மாஅத், அதாவது உண்மையும் ஒழுங்கும். ஆனால் அதே இறகோடு ஆண் உருவம் நின்றால் அவர் காற்றுத் தெய்வம் ஷு. உயரமான இரட்டை இறகு ஆமூன். பருந்துத் தலையில் சூரியத் தட்டு இருந்தால் சூரியத் தெய்வம் ரா. அதே பருந்து இரட்டை மகுடம் அணிந்திருந்தால் ஹோரஸ். இபிஸ் பறவையின் வளைந்த அலகு தோத். கறுப்பு நரித்தலை அனுபிஸ். மேலே சதுரமாக வெட்டியதுபோல் நிமிர்ந்த காதுகளும் வளைந்த மூக்குமாக, எந்த விலங்கு என்றே பிடிபடாத தலை என்றால் அது செத்.

சிக்கல் ஒன்று உண்டு. பசுக்கொம்புக்கு நடுவே சூரியத் தட்டு ஹத்தோரின் அணி. பிற்காலத்தில் ஐசிஸும் அதையே அணிந்துகொண்டாள். அந்த மாதிரிச் சீட்டில் மடியில் குழந்தை இருக்கிறதா என்று பாருங்கள். பால் கொடுத்தால் ஐசிஸ். கையில் சிஸ்ட்ரம் என்ற கிலுகிலுப்பை இருந்தால் பெரும்பாலும் ஹத்தோர்: இசை, மது, காதல். பேரரசிச் சீட்டில் இந்த வேறுபாடு பொருளையே புரட்டிப்போடும். ஒருத்தி பிள்ளையைக் காப்பவள், மற்றவள் ஊரையே ஆடவைப்பவள்.

மகுடங்களையும் கவனியுங்கள். வெள்ளை மகுடம் தெற்கே உள்ள மேல் எகிப்து. சிவப்பு மகுடம் வடக்கே கழிமுகத்துக் கீழ் எகிப்து. பேரரசன் இரண்டையும் சேர்த்து அணிந்திருந்தால் இரு நாட்டைக் கட்டி ஆள்பவன். ஒன்றை மட்டும் அணிந்திருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது என்று நான் படிப்பேன்.

படி 3: கையில் என்ன?

வளையத்தோடு கூடிய சிலுவை ஆங்க், அதாவது உயிர். அதைச் சும்மா பிடித்திருப்பதற்கும் இன்னொருவர் மூக்கருகே நீட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. தெய்வங்கள் அரசனின் மூக்குக்கு நேரே ஆங்க் நீட்டும் காட்சி கோயில் சுவரெங்கும் வரும்: மூச்சைக் கொடுக்கிறார்கள். சீட்டில் ஆங்க் யாருடைய கையிலிருந்து யாரை நோக்கிப் போகிறது என்று பார்த்தால், கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்பது விளங்கும்.

மேல்முனையில் விலங்குத் தலையும் அடியில் கவையுமாக நீண்ட கோல் வாஸ்: அதிகாரம். அடுக்கடுக்கான தூண் ஜெத்: நிலைபேறு. அதை ஒசிரிஸின் முதுகெலும்பு என்பார்கள். மார்பில் குறுக்காகப் பிடித்த வளைகோலும் சவுக்கும் அரசுரிமை. ஆங்க், வாஸ், ஜெத் மூன்றையும் ஒரே கோலில் பிணைத்து வைத்திருப்பவர் ப்தா, மெம்பிஸ் நகரின் கைவினைத் தெய்வம். மந்திரவாதி சீட்டில் அவர் வந்தால் எனக்குத் தனி மகிழ்ச்சி. மேடையில் வித்தை காட்டுகிறவன் போய், பட்டறையில் வேலை செய்கிறவன் வந்துவிடுகிறான்.

பச்சை குத்திக்கொள்பவர்கள் விரும்பும் ஹோரஸ் கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருஷ்டிக் கண் என்று பலர் நினைக்கிறார்கள். காப்புத் தாயத்துதான், மறுக்கவில்லை. ஆனால் கதை வேறு. செத்தோடு நடந்த சண்டையில் சேதமான கண்ணைத் தோத் சரிசெய்து கொடுத்தார். அதன் பெயரான வெஜாத் என்பதற்கு ‘முழுமையானது’ என்று பொருள். காயமே படாத கண்ணை அப்படி அழைக்க வேண்டியதில்லை. ஒரு சீட்டில் இந்தக் கண் வந்தால் ‘பாதுகாப்பு’ என்று எழுதுவதைவிட ‘ஆறிய காயம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

படி 4: நிறம்

ஐரோப்பியக் கட்டில் கறுப்பு என்றால் துக்கம், மறைவு. எகிப்தில் கறுப்பு என்பது நைல் வெள்ளம் விட்டுப்போகும் வண்டல். நாட்டின் பெயரே கெமெட், கரிய மண். ஒசிரிஸின் முகத்தைக் கறுப்பாகவோ பச்சையாகவோ தீட்டினார்கள். இரண்டும் விளைச்சலின் நிறம். காவிரிக் கரை வண்டலைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிவப்பு பாலைவனம், செத், ஆபத்து. ஆனால் ஐசிஸ் முடிச்சு என்ற தாயத்துக்குச் சிவப்புக் கல்தான் விதி. ஆகவே சிவப்பு எப்போதும் கெடுதி என்று முத்திரை குத்த முடியாது. பொன் தெய்வங்களின் சதை, வெள்ளி அவர்களின் எலும்பு. ஓவிய மரபில் ஆண்களின் தோல் செம்பழுப்பு, பெண்களின் தோல் வெளிர் மஞ்சள். இன்றைய அச்சுக் கட்டுகள் இதையெல்லாம் பாதி கடைப்பிடிக்கும், பாதி மறந்துவிடும். அதனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவுக்கு வருவதில்லை. தலையும் கையும் சொன்னதை நிறம் உறுதிசெய்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

படி 5: எந்தப் பக்கம் பார்க்கிறார்கள்?

எகிப்தியருக்கு மேற்கு இறந்தவர்களின் திசை. நாம் முன்னோரைத் தென்புலத்தார் என்கிறோம். அவர்கள் மேற்கத்தியர் என்றார்கள். ஒசிரிஸுக்கு ‘மேற்கத்தியரின் தலைவர்’ என்றே பட்டம். கிழக்கு பிறப்பு. தெற்கு, நைல் வரும் திசை, அவர்களுக்கு ‘மேல்’. தெற்கு நோக்கி நின்றால் மேற்கு வலக்கைப் பக்கம் வரும். வலம், மேற்கு இரண்டுக்கும் அவர்கள் மொழியில் ஒரே வேர்ச்சொல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது படகு. நைல் வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. எனவே வடக்கே போகப் பாய் தேவையில்லை, ஓட்டமே இழுத்துக்கொண்டு போகும். தெற்கே போகப் பாயை விரிக்க வேண்டும். எழுத்திலும் அப்படியே: தெற்கே பயணம் என்று எழுதினால் பாய்மரப் படகுக் குறி, வடக்கே என்றால் பாயில்லாத படகு. இப்போது ஆறு வாள் சீட்டை எடுங்கள். படகில் ஏறி ஓர் இடத்தைவிட்டுப் போகும் மனிதர்கள் இருக்கும் சீட்டு. எகிப்தியக் கட்டில் அந்தப் படகில் பாய் விரிந்திருந்தால் நீரோட்டத்தை எதிர்த்து, காற்றின் தயவில் போகிறார்கள். சுருட்டியிருந்தால் ஆறு போகிற போக்கில் போகிறார்கள். ‘விட்டுச் செல்லுதல்’ என்ற ஒரே பொருள் இரண்டாகப் பிரிந்துவிட்டது, பாருங்கள்.

ஓரத்தில் இருக்கும் எழுத்துகளைப் பற்றி: பறவையும் மனிதனும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும். முட்டைவடிவக் கட்டத்துக்குள் இருப்பது அரச பெயர். பல கட்டுகளில் இந்த எழுத்து வெறும் அலங்காரம். ஒரே வரியில் பறவைகள் ஆளுக்கொரு திசையில் பார்த்தால் அதைப் படிக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

படி 6: இரண்டு குரலும் சண்டை போடும் இடத்தில் நில்லுங்கள்

இங்கேதான் விஷயம் இருக்கிறது. எகிப்தும் ஐரோப்பாவும் ஒத்துப்போகும் சீட்டில் கையேடே போதும். முரண்படும் சீட்டில்தான் நீங்கள் யோசித்தாக வேண்டும்.

தொங்கும் மனிதன். ஐரோப்பிய டாரட்டில், குறிப்பாக 1909க்குப் பின், ஒற்றைக்காலில் தலைகீழாகத் தொங்குபவன் முகத்தில் அமைதி. தலையைச் சுற்றி ஒளி. உலகை வேறு கோணத்தில் பார்த்து ஞானம் பெற்றவன். எகிப்தியனுக்கு இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் நடுங்கியிருப்பான். இறந்த பிறகு மறுவுலகில் தலைகீழாக நடக்க நேர்வது அவர்களுடைய பெரிய அச்சங்களில் ஒன்று. அது நேராமல் தடுக்கவே தனி மந்திரங்களை எழுதிப் பிணத்தோடு வைத்தார்கள். உங்கள் கட்டில் ஓவியர் இங்கே ஒசிரிஸை வரைந்திருந்தால், அவர் எதற்குச் சாய்ந்திருக்கிறார், ஞானத்துக்கா அச்சத்துக்கா என்று முகத்தையும் பின்னணியையும் பாருங்கள். நானாக இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வேன். புதிய கோணம் கிடைக்கும் முன் தலைகீழாகிற பயம் எல்லோருக்கும் உண்டு. இதனாலேயே எகிப்தியக் கட்டில் சீட்டு தலைகீழாக விழுந்தால் நான் கூடுதல் பொருள் தேடாமல் நிமிர்த்தி வைத்துவிடுவேன். பாவம், அவர்களுக்குப் பிடிக்காது.

நீதியும் தீர்ப்பும். இந்தச் சண்டை பலர் கண்ணில் படுவதில்லை. எகிப்தில் தீர்ப்பு என்றால் இதயத்தை எடைபோடுவது. ஒரு தட்டில் இறந்தவரின் இதயம், மறுதட்டில் மாஅத்தின் இறகு. அனுபிஸ் தராசைச் சரிசெய்கிறார், தோத் எழுதுகிறார். முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலுமாக அம்மித் பசியோடு காத்திருக்கிறாள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, ஆனி என்பவருக்காக எழுதிய பாப்பிரஸ் சுருளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இதயம் இறகைவிட லேசாக இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். படத்தில் தட்டுகள் சமமாக நிற்கின்றன. சமன்தான் வெற்றி.

டாரட்டின் 20ஆம் சீட்டான தீர்ப்போ கிறித்தவக் காட்சி: தேவதூதன் எக்காளம் ஊத, கல்லறைகளிலிருந்து எல்லோரும் ஒரே நாளில் எழுகிறார்கள். எகிப்தில் அப்படியொரு பொதுநாள் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வழக்கு. அதனால் எகிப்தியக் கட்டு வரையும் ஓவியருக்கு ஒரே தராசை இரண்டு சீட்டும் கேட்கும். எதற்குக் கொடுத்தார் என்று பாருங்கள். நீதிக்குக் கொடுத்திருந்தால் 20ஆம் சீட்டு பெரும்பாலும் எழுப்புதலாக இருக்கும்: ஐசிஸ் சிறகை வீசி ஒசிரிஸுக்கு மூச்சைக் கொடுப்பது. 20க்குக் கொடுத்திருந்தால் அந்தக் கட்டில் முடிவுகள் எல்லாமே வாழ்நாள் கணக்கைக் கேட்கும். நீதி கையில் வாள் இருந்தால் அது ஐரோப்பா தந்தது. மாஅத்துக்கு வாள் வேண்டியதில்லை.

சாத்தான். பல கட்டுகள் இங்கே செத்தை வைக்கும். பழைய மரபில் டைஃபோன் என்று எழுதியிருக்கும்; கிரேக்கர்கள் செத்துக்கு வைத்த பெயர் அது. கொலைகாரன், சரி. ஆனால் ஒவ்வோர் இரவும் ராவின் படகு பாதாளத்தைக் கடக்கும்போது, அதை விழுங்க வரும் அபெப் பாம்பைப் படகின் முனையில் நின்று ஈட்டியால் குத்துபவனும் இதே செத்தான். சேத்தி என்ற பெயரோடு அரசர்களே இருந்தார்கள். பொருள் ‘செத்துக்கு உரியவன்’. ஆக, குடும்பத்தை உடைத்த முரட்டுத்தனம்தான் படகையும் காக்கிறது. அடிமைத்தனம், ஆசை என்று மட்டும் இந்தச் சீட்டைப் படித்தால் பாதிக் கதை போய்விடும்.

வலிமை. ஐரோப்பாவில் ஒரு பெண் சிங்கத்தின் வாயை மெல்ல மூடுகிறாள். எகிப்தில் அந்தப் பெண்ணே சிங்கம்: செக்மெட். மனிதகுலத்தை அழிக்கக் கிளம்பியவளைத் தடுக்க, 7,000 ஜாடி பீருக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி வயல்களில் ஊற்றினார்களாம். ரத்தம் என்று நினைத்துக் குடித்து மயங்கி, கோபம் தணிந்தாள். வெளியே உள்ள விலங்கை அடக்குவது ஒரு பொருள். உள்ளே உறுமும் ஒன்றை ஏமாற்றித் தூங்கவைப்பது இன்னொரு பொருள்.

நிலவு. ஐரோப்பிய மரபில் நிலவு பெண், மயக்கம், பொய்த்தோற்றம். எகிப்தில் நிலவுத் தெய்வங்கள் கோன்சுவும் தோத்தும், இருவரும் ஆண்கள். சந்திரனை ஆணாகவே கேட்டு வளர்ந்த நமக்கு இது உறுத்தாது. கோன்சு என்றால் பயணி. ரைடர்-வெய்ட் சீட்டில் நாயும் ஓநாயும், இரு கோபுரம், குளத்திலிருந்து ஏறும் நண்டு போன்ற ஓர் உயிரி. எகிப்தியக் கட்டுகளில் நாயும் ஓநாயும் இரண்டு நரித்தலைத் தெய்வங்களாகும். கோபுரங்கள் கோயில் வாயில்களாகும். அந்த உயிரி சாணி உருட்டும் வண்டாகிவிடும். சாணவண்டு என்றால் கெப்ரி, விடியும் சூரியன். பாதாளத்தின் பன்னிரண்டு மணி நேரமும் சூரியன் உருண்டு வந்துகொண்டேதான் இருக்கிறது என்ற செய்தி சீட்டின் அடியிலேயே ஒளிந்திருக்கிறது.

மரணம், கோபுரம், ஸ்பிங்க்ஸ் மூன்றையும் சுருக்கமாக. அரிவாளோடு எலும்புக்கூடு இருந்தால் அது முழுக்க ஐரோப்பா. உடலைக் கெடாமல் காக்கவே ஒரு கலையை வளர்த்தவர்கள் மரணத்தை எலும்புக்கூடாக வரையவில்லை. பிரமிடின்மேல் இடி விழுந்தால் அதுவும் பாரிஸ் இடிதான். எகிப்திய வரலாற்றில் கோபுரச் சீட்டுக்குச் சரியான காட்சி வேண்டுமானால், அக்நாதென் என்ற அரசர் கட்டிய தலைநகரம் அவருக்குப்பின் கைவிடப்பட்டதும், அவர் பெயரைச் சுவர்களில் உளியால் கொத்தி எடுத்ததும் போதும். விடுகதை போடும் பெண் ஸ்பிங்க்ஸ் கிரேக்கத்தைச் சேர்ந்தவள். கீசாவில் படுத்திருப்பவர் அரச முகம் கொண்ட காவலர். எந்தக் கேள்வியும் கேட்கமாட்டார்.

படி 7: சிறிய சீட்டுகள்

56 சீட்டுகளையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டாம். பிரிவு எதுவாக மாறியிருக்கிறது என்று பாருங்கள். கோல், வாஸ் கோலானால் அந்தப் பிரிவு முழுவதும் ஆற்றலைவிட அதிகாரத்தைப் பேசும். கிண்ணம் நீலத்தாமரையானால் ஒவ்வொரு நாளும் மூடித் திறக்கும் உணர்வு. வாள், கோபேஷ் என்ற வளைந்த போர்வாளாகலாம். நாணயத்தில்தான் தடுக்கும்: பாரோக்கள் காலத்தின் பெரும்பகுதியில் எகிப்தில் நாணயமே கிடையாது. பொருளின் மதிப்பை டெபென் என்ற எடையால் சொன்னார்கள். புதிய அரசுக் காலத்தில் ஒரு டெபென் சுமார் 91 கிராம். ஓவியர் நாணயத்துக்குப் பதில் சாணவண்டையோ சூரியத் தட்டையோ வைத்திருப்பார். பணம் பற்றிய பிரிவு அப்போது ‘உருட்டிக்கொண்டே இருக்க வேண்டிய வேலை’ பற்றியதாகிறது.

நான்கு பிரிவுக்கும் ஹோரஸின் நான்கு புதல்வர்களைக் காவலாக வைக்கும் கட்டுகளும் உண்டு: மனிதத் தலை இம்செட்டி கல்லீரலையும், குரங்குத் தலை ஹாப்பி நுரையீரலையும், நரித்தலை துவாமுதெஃப் வயிற்றையும், பருந்துத் தலை கெபெஹ்செனுவெஃப் குடலையும் காப்பவர்கள். அப்படியிருந்தால் சீட்டு எதைக் காக்கச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

படி 8: ஒரு நோட்டு, மூன்று பத்தி

ஒரு சீட்டுக்கு ஒரு பக்கம். முதல் பத்தியில் கண்ணில் பட்டது மட்டும், பெயர் எதுவும் போடாமல்: ‘பச்சை முகம், வெள்ளை மகுடம், இரண்டு இறகு, கட்டிய உடல்’. இரண்டாவதில் யார், எந்தக் குரல். மூன்றாவதில் கையேடு என்ன சொல்கிறது, எங்கே முரண்படுகிறது. கேள்விக்கான பொருளை அதற்குப் பிறகே எழுதுங்கள். வாரத்துக்கு மூன்று சீட்டு என்று போனால் ஆறு மாதத்தில் கட்டு முடிந்துவிடும். நான் ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று. என்னோடு வேலை பார்த்த பெண், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையலகம் தொடங்கலாமா என்று தவித்துக்கொண்டிருந்தாள். ‘அக்கா, ஒரு சீட்டு எடுங்களேன்’ என்றாள். மூன்றாக எடுத்தோம்: நிலவு, நீதி, நட்சத்திரம்.

நிலவில் அடியில் சாணவண்டு. ‘பயமா இருக்கு, ஆனா ஏதோ நகர்ற மாதிரியும் இருக்கு’ என்று அவளே சொன்னாள். நான் எதுவும் சேர்க்கவில்லை. நீதியில் தராசு சமமாக நின்றது. எது கனமாக இருக்கிறது என்று கேட்டேன். மாதச் சம்பளம் ஒரு பக்கம், முதுகுவலியும் மேலாளரும் ஒரு பக்கம் என்று எண்ணத் தொடங்கியவள், கடைசியில் கைப்பேசியில் கணக்குப்போட ஆரம்பித்துவிட்டாள். வாடகை, இரண்டு மெஷின், மூன்று மாதச் செலவு.

மூன்றாவது நட்சத்திரம். எங்கள் கட்டில் அது ஐந்து முனை நட்சத்திரம், எகிப்தியக் கல்லறைக் கூரைகளில் இருப்பதைப் போல. ரைடர்-வெய்ட்டில் எட்டு முனை. ஐந்து முனை என்றதும் சோப்தெத், நாம் சிரியஸ் என்று சொல்லும் விண்மீன், நினைவுக்கு வந்தது. ஆண்டில் ஏறக்குறைய 70 நாள் அது கண்ணுக்குத் தெரியாது. பிறகு ஒரு விடியலில், சூரியனுக்குச் சற்று முன் கீழ்வானில் எழும். அதையொட்டி நைலில் வெள்ளம் வரும், ஆண்டு தொடங்கும். உடலைப் பதப்படுத்தும் காலமும் 70 நாள்தான். கையேட்டில் ‘நம்பிக்கை’ என்று ஒரே சொல் இருந்தது. காணாமல் போகிற காலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது என்று மட்டும் நான் சொன்னேன்.

அவள் கைப்பேசி நாட்காட்டியைத் திறந்து அன்றிலிருந்து எழுபது நாளை எண்ணினாள். அந்த நாளில் ‘மெஷின் விலை கேட்க’ என்று எழுதி, நினைவூட்டலையும் போட்டுக்கொண்டாள்.